ஆட்டுக்குச் சொன்ன பயிற்சி

புன்னாலைக்கட்டுவனில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் அந்த ஒழுங்கையில் இப்போது எல்லா வீட்டுக்கும் மதில் வந்துவிட்டது. பூரணத்தின் வளவுக்கும் அவளுடைய தம்பி பெண்சாதி உதயகலாவின் வளவுக்கும் இடையில் மட்டும் இன்னும் கிடுகு வேலிதான். மதில் கட்டுவதென்றால் எல்லை எதுவென்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்வதென்றால் கதைக்க வேண்டும். அவர்கள் கதைத்துப் பதினொரு வருடமாகிறது.

காரணம் ஒரு சாண் நிலம். வேலி அடைத்தபோது உதயகலா வேலிமரமான கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டாள் என்பது பூரணத்தின் கட்சி. கதியால் மாரி மழைக்குத் தானாகவே சரிந்தது என்பது உதயகலாவின் கட்சி. இடையில் பூரணத்தின் தாய் இறந்தபோது இருவரும் கட்டிப்பிடித்துக் குளறினார்கள்தான். ஆனால் செத்தவீட்டில் அழுவது கதைத்த கணக்கில் சேராது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே இரண்டு வாயும் பழையபடி மூடிக்கொண்டன.

மூடிக்கொண்டன என்பதும் முழு உண்மையல்ல. சாடை இருந்தது. முகம் பார்த்துக் கதைக்காதவர்கள், ஆட்டுக்கோ கோழிக்கோ சொல்வதுபோல அடுத்த வளவுக்குச் சொல்லும் கலை அது. பூரணம் தன் மறியாட்டைப் பார்த்து, கண்டவர்களின் காணிக்குள் வாயை வைத்தால் பல்லுக் கொட்டும் என்பாள். உதயகலா தன் நாயைப் பார்த்து, கத்துகிறவர்கள் கத்தட்டும், நீ பேசாமல் படு என்பாள். இந்தப் பதினொரு வருடத்தில் பூரணம் வீட்டில் ஆடு மூன்று தரம் மாறிவிட்டது, ஏச்சு மாறவில்லை.

அப்படிப்பட்ட இருவருக்கும் கடவுள் ஒரே நோயைக் கொடுத்தார். முப்பது வருடம் செம்பாட்டு மண்ணில் குனிந்து வெங்காயம் நட்ட நாரி என்கிற கீழ்முதுகு, ஒருநாள் இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. முள்ளந்தண்டின் இடுப்புப் பகுதியில் நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கிக்கொண்டு, காலுக்குப் போகும் நரம்பை நெருக்குகிறதாம். ஸ்கான் படத்தில் இருவருக்கும் அதே டிஸ்க், அதே பக்கம். தம்பி செல்வரட்ணம் வந்து இதைச் சொன்னபோது, சில பேர் வருத்தத்தைக்கூடப் பார்த்துக் கொப்பியடிக்கிறார்கள் என்று பூரணம் ஆட்டிடம் முறையிட்டாள். செல்வரட்ணம் தேத்தண்ணியைக் குடித்தான். வேலிக்கு இரண்டு பக்கமும் தேத்தண்ணி குடிக்கிற ஒரே மனிதன் அவன். வாய் திறந்தால் ஒரு தேத்தண்ணி குறைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கஜந்தினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பல்கலைக்கழகம் இருக்கிற பக்கத்து ஊரான திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கி மேற்படிப்புப் படிக்கும் பிசியோதெரபிப் பிள்ளை. தோட்டக்காரரின் நாரி நோவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். டிஸ்க் விலகினவர்கள் படுத்துக் கிடக்கக் கூடாது, முறையாகப் பயிற்சி செய்தால் அநேகம் பேருக்குக் கத்தி வைக்காமலே சுகம் வரும் என்பது அவளுடைய நம்பிக்கை. நம்பிக்கை போதாது, எண் வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். அதனால் முப்பத்தாறு பேரைப் பிடித்தாள். கம்பியூட்டர் சீட்டுக் குலுக்கி அவர்களை இரண்டாகப் பிரித்தது. பதினெட்டுப் பேருக்கு மூன்று மாதம் பயிற்சி. மற்றப் பதினெட்டுப் பேருக்கு, பாரம் தூக்காதீர்கள், முழங்காலை மடித்துக் குனியுங்கள் என்று அச்சடித்த ஒரு கடதாசித் துண்டு மட்டும். மூன்று மாதம் கழித்துத் துண்டுக்காரருக்கும் பயிற்சி உண்டு. அதுவரைக்கும் அவர்கள் காதில் அது விழக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரேமாதிரிச் சுகப்பட்டால் பயிற்சியால் வந்தது எது என்று யாரும் சொல்ல முடியாது, மூன்று வருட உழைப்பும் கிணற்றுக்குள்தான்.

சீட்டு பூரணத்துக்குப் பயிற்சியைக் கொடுத்தது, உதயகலாவுக்குத் துண்டைக் கொடுத்தது. பக்கத்துப் பக்கத்து வளவு என்பதைக் கண்டதும் கஜந்தினிக்கு முகம் வாடிப்போயிற்று. பக்கத்து வீட்டோடு கதைக்கிறனீங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பதினொரு வருடமாய் இல்லை என்று பூரணம் பெருமையோடு சொன்னாள். பிள்ளை கையெடுத்துக் கும்பிடாத குறை. பாவம், அவள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வளர்ந்தவள். கதையாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சொல்லும் போகாது என்று நம்பிவிட்டாள்.

பயிற்சியை வேறு எவருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று பூரணம் கையெழுத்து வைத்தாள். அந்தக் கடதாசியை அவள் வாசிக்கவில்லை. கணவர் சிவசுப்பிரமணியம் வாசித்தார், இரண்டு தரம். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். யாராவது தாலிகட்டினாலும் படிவம் நிரப்பினாயா என்று கேட்கக்கூடியவர். பிரதி ஒன்றை வாங்கித் துளை போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

பயிற்சி மொத்தம் பன்னிரண்டு. குப்புறக் கிடந்து நெஞ்சைத் தூக்குவது, மல்லாந்து கிடந்து இடுப்பைத் தூக்குவது, பூனைபோல் நின்று முதுகை வளைப்பது என்று போகும். ஒவ்வொன்றும் பதினைந்து தரம், காலையும் மாலையும். முதல் இரண்டு கிழமை பூரணம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் செய்தாள். இந்த வயதில் குண்டியைத் தூக்குவதை மனிசர் பார்ப்பதா என்று அவளுக்கு வெட்கம். ஆனால் பத்தாம் நாள் காலின் இழுவை கொஞ்சம் விட்டிருந்தது. கஜந்தினி தொலைபேசியில் நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது, ஏழிலிருந்து ஆறுக்கு இறக்கிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தில் சந்தோசத்தில் மூச்சு விட்டது இவளுக்குக் கேட்டது. பூரணத்துக்கு அவளை நன்றாகப் பிடித்துப் போயிற்று.

இதற்கிடையில் வேலிப் பொட்டு ஒன்று இருந்தது. கிடுகு உக்கி விழுந்த ஓட்டை, ஒரு கண் வைக்கப் போதும். பூரணம் அதனூடாகப் பார்ப்பதில்லை என்றுதான் எல்லாருக்கும் சொல்வாள். பார்த்தாள். உதயகலா கிணற்றுக்கட்டைப் பிடித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்தாள். பார்த்து, ஒரு சாணுக்கு ஒரு டிஸ்க் என்று மனதுக்குள் கணக்குத் தீர்த்துச் சந்தோசப்பட்டாள். இதை மறைப்பதில் பயனில்லை. பூரணம் நல்ல மனிசிதான். ஆனால் நல்ல மனிசிகளுக்கும் வேலி என்று ஒன்று உண்டல்லவா?

மூன்றாம் கிழமை ஒருநாள் காலை உதயகலாவின் கையிலிருந்து வாளி நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கப் பார்த்தாள், பாதியில் நின்றாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு அந்த வாளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, காலால் மெல்லத் தள்ளித் தள்ளிக் கிணற்றுக்கட்டோரம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நாயைக் கூட ஏசவில்லை.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உதயகலா பூரணத்தின் தசையுமல்ல, தம்பி கட்டிக்கொண்டு வந்தவள். ஆனால் போன மாதம் பூரணமும் தன் வாளியை இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். அன்று முழுக்க ஒருவரையும் ஏசாமல் இருந்தாள். காய்ச்சலோ என்று கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை பாய் அறையைவிட்டு வெளியே வந்தது. வேலியோரத்து வேப்பமரத்தடியில், பொட்டுக்கு நேரே விரிந்தது. ஆடும் அங்கேயே கட்டப்பட்டது. பூரணம் மல்லாந்து படுத்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கும் குரலில் ஆட்டுக்குப் பாடம் தொடங்கினாள்.

"வடிவாய்க் கேள். முழங்கால் ரெண்டையும் மடிச்சுப்போட்டுத்தான் இடுப்பைத் தூக்கவேணும். மூச்சை அடக்கப்படாது. பத்து எண்ணுமட்டும் பிடிச்சிருந்து, மெள்ள இறக்கவேணும். காலுக்கை இழுத்தால் உடனை விட்டிடவேணும். விளங்கிச்சோ?"

ஆடு குழையைத் தின்றுகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றுபோயிற்று.

சிவசுப்பிரமணியம் கோப்போடு ஓடிவந்தார். கையெழுத்து வைத்ததை மறந்துவிட்டீரா என்று கேட்டார். பூரணம் படுத்தபடியே, என் வளவுக்குள் என் ஆட்டோடு கதைக்கக் கூடாதென்று அதில் எழுதியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்தார். எழுதியிருக்கவில்லை. கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் இருந்தும் ஆட்டைப் பற்றி ஒரு சுற்றுநிருபம் வந்து அவர் கண்டதில்லை. கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் பாடம் நடந்தது. ஒவ்வொரு கிழமையும் கஜந்தினி வந்து புதிதாக ஏதாவது சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய ஸ்கூட்டி ஒழுங்கை முடக்கில் மறைவதற்குள் ஆட்டுக்கு அது தெரிந்துவிடும். நாலாம் நாள் வேலிக்கு அப்பாலிருந்து முதல் பதில் வந்தது. உதயகலா தன் நாயை அதட்டினாள்.

"எளிய நாயே, ஏன் இப்பிடி விழுந்தடிச்சுக் கத்துறாய்? ஆறுதலாய்க் கத்தினாலெல்லோ விளங்கும்."

அடுத்த தரம் பூரணம் அவசரப்படாமல் ஆறுதலாக எண்ணினாள்.

எட்டுக் கிழமை இப்படி ஓடியது. உதயகலா கிணற்றுக்கட்டைப் பிடிக்காமல் நடந்தாள். பிறகு வாளியை எடுத்தாள். ஒருநாள் வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினாள். பூரணம் பொட்டில் கண் வைத்தபடி, தான் பெற்ற பிள்ளை சோதனை பாஸ்பண்ணினதுபோலப் பூரித்துப்போனாள். இரவில் மட்டும் அந்தச் சந்தோசத்துக்குள் ஒரு முள்ளுக் குத்தியது. அங்கே ஒரு நாரி நிமிர நிமிர, இங்கே ஒரு பிள்ளையின் மூன்று வருடம் குனிந்துகொண்டு போகிறது. இது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விடிந்தால் பாயை எடுத்துக்கொண்டு வேம்படிக்குப் போனாள்.

கடைசி அளவெடுக்கும் நாள் வந்தது. கஜந்தினி முதலில் பூரணத்திடம் வந்தாள். நோவுக்கு எத்தனை என்று கேட்டாள், மூன்று என்றாள் பூரணம். காலைத் தூக்கிப் பிடித்துக் கோணம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் நிலத்துக்கும் இடையில் அளவு நாடாவைப் பிடித்தாள். நாலு விரல்கடை மிச்சம் இருந்தது. தொடங்கும்போது ஒரு முழத்துக்கு மேலே நின்ற கை. பிள்ளை சிரித்துக்கொண்டு எழுதினாள். ஆனாலும் பதினைந்தும் ஒழுங்காய்ச் செய்திருந்தால் நிலத்தைத் தொட்டிருக்கும் அன்ரி என்றாள். ஒன்றும் குறையாமல் எண்ணினேன், வேண்டுமானால் ஒழுங்கையில் யாரையும் கேட்டுப் பாரும் என்று பூரணம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

இரண்டு பக்கத்துக் கணக்குக்கும் மயிரிழைதான் வித்தியாசம், ஒவ்வொருவரும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை படலையால் போய், ஒழுங்கையைச் சுற்றி, உதயகலாவின் படலைக்குள் நுழைந்தாள். பூரணம் அதற்கு முன்னரே பொட்டுக்கு வந்துவிட்டாள்.

உதயகலா கிணற்றடியில் நின்று குனிந்தாள். அவளுடைய விரல்கள் நிலத்தைத் தொட்டன. தொட்டதோடு நில்லாமல் உள்ளங்கையும் மண்ணில் பதிந்தது. கஜந்தினி நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அளக்க அங்கே ஒன்றுமில்லை. பயிற்சி செய்தவளுக்கு நாலு விரல்கடை மிச்சம், துண்டை வாசித்தவளுக்கு உள்ளங்கை நிலத்தில். பிள்ளையின் முகம் போன போக்கைப் பூரணத்தால் பார்க்க முடியவில்லை.

"யாராவது உங்களுக்கு ஏதும் பயிற்சி சொல்லித் தந்தவையோ அன்ரி?" என்று கஜந்தினி கேட்டாள். குரல் ஒடுங்கிப் போயிருந்தது.

இதோ, உதயகலா பதினொரு வருடம் காத்திருந்த சந்தர்ப்பம். சாடையில்லை, ஆடில்லை, நாயில்லை. கையெழுத்து வைத்துவிட்டுச் சொல் தவறினவள் என்று படித்த பிள்ளைக்கு முன்னால் நேரே கை நீட்டிக் காட்டலாம்.

உதயகலா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"எனக்கு ஆர் பிள்ளை சொல்லித் தாறது? பக்கத்து வளவோடையும் கதை இல்லை. உந்தத் துண்டைத்தான் காலமையும் பின்னேரமும் வாசிச்சனான்."

பூரணத்துக்கு அது அடித்ததுபோல் இருந்தது. தன்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டாளே என்று கண் கலங்கியது. கலங்கிய கையோடு கோபமும் வந்தது. இவளுடைய சுகம் அந்தத் துண்டின் பேரில் எழுதப்படப் போகிறதே! எட்டுக் கிழமை தொண்டை கிழியக் கத்தியது யார்? வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் நல்லவளாகவே இருந்திருக்கலாம். ஆனால் வாயை மூடுவது பூரணத்தின் பன்னிரண்டு பயிற்சிகளில் இல்லை.

"பிள்ளை கஜந்தினி, அது பொய்" என்று வேலிக்குள்ளால் குரல் கொடுத்தாள். "துண்டாவது மண்ணாவது. அவ்வளவும் நான் சொன்னது. ஆட்டுக்குச் சொன்னனான். பிழை என்ரைதான், அவளிலை ஒண்டும் இல்லை. உம்மடை படிப்பைப் பழுதாக்கிப்போட்டன், என்னை மன்னியும்."

கஜந்தினிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வேலியைப் பார்த்தாள், உதயகலாவைப் பார்த்தாள், பொட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். ஆட்டுக்குச் சொன்னால் அது எப்படி இங்கே வரும் என்று கேட்டாள். சாடை என்றால் என்னவென்று பூரணம் அந்தப் பொட்டுக்குள்ளாலேயே அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டுப் பிள்ளை கிணற்றுக்கட்டில் பொத்தென்று இருந்துவிட்டாள். பிறகு அவள் கேட்ட கேள்வி இதுதான்.

"அன்ரி, நான் போற மற்ற வீடுகளிலையும் ஆடு நிக்குதோ?"

நிற்காத வீடு ஏது என்று பூரணம் உண்மையைச் சொன்னாள். கஜந்தினி சிரித்தாளா அழுதாளா என்று பொட்டுக்குள்ளால் சரியாகத் தெரியவில்லை, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், ஆட்டையும் சேர்த்து எழுதுவேன் என்றாள். ஆனால் சீட்டு எங்கே விழுந்ததோ அங்கேதான் ஆளை எண்ணுவது ஆராய்ச்சி முறை. ஆகவே உதயகலா அன்ரியின் சுகம் துண்டுப் பக்கத்தில்தான் போகும், அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்றும் சொன்னாள். பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. துண்டுக்கோ பேர் என்று இரண்டு தரம் கேட்டாள். ஓம் என்று பிள்ளை இரண்டு தரமும் சொன்னாள்.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றாள் கஜந்தினி. "சொல்லிக் குடுத்தவவுக்கு நாலு விரல்கடை மிச்சம். பொட்டுக்குள்ளாலை பாத்துச் செய்தவவுக்கு எப்பிடி உள்ளங்கை படுகுது?"

நாய் காலடியில்தான் படுத்திருந்தது, உதயகலா அதைப் பார்க்கவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. இரண்டு அடி நடந்து வேலிக்குக் கிட்ட வந்து, பொட்டுக்கு நேரே முகத்தை வைத்தாள்.

"மச்சாள், நீங்கள் பதினஞ்சு எண்ணுறியள். ஆனால் ஒன்பதுதான் செய்யிறனீங்கள். நான் பதினஞ்சும் செய்தனான்."

பதினொரு வருடமாகப் பூரணம் இந்த நாளுக்கு ஆயத்தமாக இருந்தாள். உதயகலா எப்போதாவது நேரே வாய் திறந்தால் என்ன சொல்வதென்று ஐம்பது பதில் அடுக்கி வைத்திருந்தாள். கதியாலுக்கு ஒன்று, சாணுக்கு ஒன்று, செத்தவீட்டில் சேலைத் தலைப்பால் மூக்குச் சிந்தியதற்கு ஒன்று. ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. மச்சாள் என்ற சொல்லிலேயே அவள் வேப்பம் வேரில் இருந்துவிட்டாள்.

"ஓமடி," என்றாள் கடைசியில். "எண்ணிக்கொண்டு இடையிலை எழும்பிப் போறனான். நீ ஒழுங்காய்ச் செய்யிறியோ எண்டு பாக்கவேண்டாமே?"

வேலிக்கு அந்தப் பக்கம் உதயகலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கஜந்தினி பேனாவை மூடி வைத்துவிட்டாள், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பூரணம் வழமைபோலப் பாயை விரித்துப் படுத்தாள். ஆட்டைக் கட்டவில்லை. அது வளவுக்குள் தன்பாட்டில் மேய்ந்தது. எண்ணிக்கை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஆறுதலாக, ஒன்றும் விடாமல். பத்தாவதில் பூரணம் மெல்ல எழும்பி இருக்கப் பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு இருக்கு, மச்சாள்."

பூரணம் திரும்பவும் படுத்துக்கொண்டாள்.